ராத்திரி அப்பம், காலையில் வேட்பாளர்

சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலிருந்து நடந்தால் ஐந்தாறு நிமிடம். ஒரு பழைய கோப்பிக்கடை, அதன் கடைசி மூலையில் அப்பக்கடை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "ஐயோ வேண்டாம் தம்பி, இப்ப நிக்கிற சனத்துக்கே என்னால சுட்டு முடிக்கேலாமல் கிடக்கு" என்றார். தேடிப் போகிறவர்களுக்கு ஓர் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: கடைக்கு முன்னால் உள்ள வட்ட மேசையில் எழுபத்து நாலு வயது ஐயா ஒருவர் தமிழ் முரசு நாளிதழை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அரசியல் பேசிக்கொண்டிருந்தால் அதுதான் இடம்.

நான் டாக்சி ஓட்டுகிறேன். இருபத்து மூன்று வருடமாக ராத்திரி ஷிஃப்ட். ஆகவே முதலில் வண்டி நிறுத்துமிடம், கழிவறை, பிறகுதான் சாப்பாடு. பின்பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் இருக்கிறது, வார நாளில் ஆறரைக்குள் போனால் இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். கழிவறைக்கு இருபது காசு, சுத்தம் பரவாயில்லை.

இனி அப்பம். வெள்ளையப்பம் 1 வெள்ளி 80 காசு, பாலப்பம் 2 வெள்ளி 20 காசு, முட்டையப்பம் 2 வெள்ளி 80 காசு. கூடவே கட்டைச்சம்பல் ஒரு கரண்டி, சீனிச்சம்பல் ஒரு கரண்டி. ரொக்கமும் வாங்குவார்கள், கைப்பேசியில் பேநவ்வும் உண்டு. நம்மூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்பம் என்றால் ஆரஞ்சு நிறச் சீனியும் துருவிய தேங்காய்ப்பூவும்தான். சின்ன வயதில் அம்மா சந்தைக்குப் போனால் எனக்கு வருவது அந்த அப்பம்தான். அக்கா யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து கல்யாணம் ஆகி 1996இல் இங்கே வந்தவர். கடை போட்ட புதிதில் யாராவது ஆரஞ்சு சீனி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இப்போது ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு அடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கேட்டால்தான் வரும்.

ஓரம் கண்ணாடி மாதிரி. விரலால் தொட்டாலே நொறுங்கும். நடுவில் இட்லியின் மென்மை, அதற்கும் நடுவில் தேங்காயின் முதல் பாலின் இனிப்பு. வேறு இடங்களில் புளிப்பு ஏறிவிடும், அல்லது ஈஸ்ட் வாடை மூக்கில் நிற்கும். இங்கே இரண்டும் இல்லை. ரகசியம் என்ன என்று கேட்டால் சோடாவா, இளநீரா என்று எதையும் சொல்லமாட்டார். நான் ஒரு நாள் வரிசையில் நின்றபோது பார்த்தேன். நாலு தாச்சி, நாலு மூடி. எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பிக்கு அவசரம், "அக்கா, மூணாவது வெந்துடுச்சு போலிருக்கே, எடுங்களேன்" என்றான். அக்கா மூடியைத் தூக்கவே இல்லை. "பொறுங்கோ. அது தாச்சியை விடேக்க தானே தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் அப்பத்தின் ஓரம் முழுவதும், யாரோ நகத்தால் கீறிவிட்ட மாதிரி, தாச்சியிலிருந்து ஒரு மயிரிழை விலகி நின்றது. கரண்டியைக் கொடுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவசரப்பட்ட அந்தத் தம்பியும் வாயைத் திறக்கவில்லை.

கடைக்கு இந்த மேசைப் பேச்சும் ஒரு பக்கவாத்தியம். சாப்பாட்டு விமர்சனத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கீழே தள்ளிப் போய்விடலாம். ஆனால் இந்தக் கடையில் அப்பத்தையும் அதிபர் தேர்தலையும் பிரித்துப் பேச முடியாது. ஐயா விடமாட்டார்.

ஐயாவின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு வந்தவர். ஐயா இங்கேயே பிறந்து, குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாம் "அதிபர்" என்போம், அவர் இன்னும் "சனாதிபதி" என்றுதான் சொல்வார். முதல் தடவை அவர் மேசையில் உட்கார்ந்து ஒரு பாலப்பத்தைப் பிய்த்தபோது என்னைக் கேட்டார்: "தம்பி, அப்பம் சாப்பிட்டு ஒரு ஆட்சி கவிழ்ந்த கதை தெரியுமோ?"

தெரியாது என்றேன். தப்பு. அன்றைக்கு ஒரு மணி நேரச் சவாரி போச்சு.

கதை இதுதான். 2014இல் இலங்கையில் மகிந்த ராஜபக்ச இரண்டாம் தவணை அதிபர். பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. 2010இலேயே அரசமைப்பில் பதினெட்டாவது திருத்தம் கொண்டுவந்து இரண்டு தவணைதான் என்ற வரம்பையும் எடுத்துவிட்டார். செப்டம்பரில் ஊவா மாகாண சபைத் தேர்தலில் அவர் தரப்பின் வாக்கு சரிந்தது. இன்னும் சரிவதற்குள் முந்திக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார். சோதிடரும் நாள் பார்த்துக் கொடுத்தார். நவம்பர் 20ஆம் தேதி தேர்தலுக்கான அறிவிப்பு. அன்று இரவு அவருடைய சுகாதார அமைச்சரும் கட்சியின் பொதுச் செயலாளருமான மைத்திரிபால சிறிசேன அவரோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டார். மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். 2015 ஜனவரி 8இல் வாக்குப்பதிவு. சிறிசேனவுக்கு 51.28 விழுக்காடு, மகிந்தவுக்கு 47.58. வித்தியாசம் நாலரை லட்சம் வாக்கு. அடுத்த வாரம் போப்பாண்டவர் கொழும்பில் வந்து இறங்கும்போது வரவேற்றது புது அதிபர்.

"அப்பம் எத்தனை சாப்பிட்டார் எண்டது மட்டும் தெரியாது" என்று ஐயா முடித்தார். அதற்குப் பிறகு இந்தக் கடையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நம் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு பக்கத்துப் பரோட்டாக் கடை மேசைக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்கிறவனுக்கு அந்த மாதம் முழுவதும் பெயர் "மைத்திரி".

என் கணக்கு ஐயாவின் கணக்கு இல்லை. அவர் எப்போதும் அப்பம் சாப்பிட்டுப் போனவனின் சாமர்த்தியத்தைப் புகழ்வார். எனக்கு மகிந்த மேல்தான் கண். இரண்டு வருடம் கையில் இருந்தும் மூடியைத் தானே தூக்கிப் பார்த்தவர் அவர். சிறிசேனவுக்கு நேரம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை, தேர்தல் நாளை எதிராளியே குறித்துக் கொடுத்துவிட்டார். அறிவிப்பு வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தார், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் இருப்பது சின்ன விஷயமா என்று ஐயா கேட்பார். டாக்சியில் பின்சீட்டுப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு வந்தவன் நான், சின்ன விஷயம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

நம்மூர்க் கதைக்கு வந்தால் மேசையில் சூடு ஏறும். அங்கே சனாதிபதி கையில் சாட்டை, இங்கே அதிபர் கையில் சாவி. அதுவும் நாட்டின் கையிருப்புப் பெட்டிக்கு இரண்டாவது சாவி. ஆனாலும் எப்போது நிற்பது என்ற கணக்கு இங்கேயும் உண்டு.

2011 ஆகஸ்ட் 27 ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டான் என்ற குடும்பப் பெயருள்ள நாலு பேர் போட்டியிட்ட அதிபர் தேர்தல். வண்டியில் ஒலி 96.8 வானொலி ஓடிக்கொண்டே இருந்தது. மறுஎண்ணிக்கை என்றார்கள். சாங்கியில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பினேன், முடிவு வரவில்லை. ஈசூன் போய் வந்தேன், அப்போதும் இல்லை. விடியற்காலை நாலு மணி தாண்டித்தான் டோனி டான் வென்றார் என்று அறிவித்தார்கள். டாக்டர் டான் செங் போக் தோற்றது 7,382 வாக்கில். நான் சில மாதத்தில் ஏற்றி இறக்குகிற ஆட்கள், அவ்வளவுதான்.

அந்த டாக்டர் டான் அடுத்த தேர்தலுக்கு நிற்கப் போவதாக 2016 மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். தேர்தலுக்கு ஒன்றரை வருடம் இருக்கிறது. அதே வருடம் நவம்பரில் அரசமைப்புத் திருத்தம் வந்தது. ஐந்து தவணையாக ஒரு சமூகத்திலிருந்து யாரும் அதிபராகவில்லை என்றால் அடுத்தது அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும். தனியார் துறையிலிருந்து வருகிறவர் நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் 500 மில்லியன் வெள்ளி இருக்க வேண்டும். 2017 தேர்தல் மலாய் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. நாடாளுமன்ற நாயகர் பதவியை ஆகஸ்ட்டில் விட்டுவிட்டு வந்த ஹலிமா யாக்கோப் செப்டம்பர் 13ஆம் தேதி போட்டியின்றி அதிபராகத் தேர்வானார். டாக்டர் டான் நீதிமன்றம் வரைக்கும் போனார், நடக்கவில்லை.

முந்திக்கொண்டு வாயைத் திறந்ததால்தான் விதி மாறியது என்று மேசையில் ஒருவர். ஐயா உடனே முரசை விரித்து மேசையில் தட்டுவார். "அதிபர் தேர்தல் முறையை ஆராய ஆணைக்குழுவைப் போட்டது பெப்ரவரி. அவர் அறிவிச்சது மார்ச். எது முந்தி?" அதற்கு மற்றவர், "ஆணையம் போட்டது தெரிந்தும் ஏன் வாயைத் திறந்தார்?" என்பார். இது பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் இரண்டு குடித்தாலும் முடியாது. என் கட்சி வேறு. 7,382 வாக்கில் தோற்றவனுக்கு அடுத்த தடவை எப்போது அறிவிப்பது என்று கணக்குப் பார்க்கிற பொறுமை எங்கிருந்து வரும்? மனுஷன்தானே.

2023 கதையில்தான் எனக்குப் பணம் போச்சு. மே 29ஆம் தேதி ஹலிமா அம்மையார் மறுபடி நிற்கவில்லை என்று அறிவித்தார். அன்று இந்த மேசையில் ஒரே பேச்சு தர்மன் சண்முகரத்னம்தான். நான் சத்தியமாக அவர் நிற்கமாட்டார் என்றேன். ஜூரோங் தொகுதியில் 2020 பொதுத் தேர்தலில் 74 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியவர், மூத்த அமைச்சர், உலகத்தில் எங்கே பொருளாதாரக் கூட்டம் நடந்தாலும் கூப்பிடுகிறார்கள், வெளிநாட்டில் பெரிய பதவி ஏதாவது வரும், அதிபர் மாளிகையான இஸ்தானாவில் நாடா வெட்டிக்கொண்டிருப்பாரா என்றேன். ஐயா சிரித்துக்கொண்டே, "பத்து முட்டையப்பம்" என்றார். கையடித்தோம். ஜூன் 8ஆம் தேதி, சரியாகப் பத்தாவது நாள், தர்மன் நிற்கிறேன் என்று அறிவித்துவிட்டார். அப்போது முட்டையப்பம் 2 வெள்ளி 50 காசு. 25 வெள்ளி. ஐயா பத்தையும் ஒரே நாளில் வாங்கவில்லை. தவணை முறையில், ஒவ்வொரு வாரமும் ஒன்று, நான் வண்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டுக் காசு குறைவாக வரும் நாளாகப் பார்த்து வாங்கினார்.

பிறகு ஜூலை 7ஆம் தேதி ஆளும் கட்சியையும் பதவிகளையும் விட்டார், அன்னாசிப்பழச் சின்னத்தோடு வந்தார், செப்டம்பர் 1ஆம் தேதி 70.4 விழுக்காடு. இதைப் பத்து நாளின் சாமர்த்தியம் என்று ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. பந்தயத்தில் தோற்ற கடுப்பு என்று நினைத்தாலும் சரி. நம்மூரில் ஆறு வருடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும், யாரும் சோதிடரைப் பார்த்து நாள் மாற்ற முடியாது. இருக்கிறவர் வழிவிடும்வரை காத்திருப்பது மரியாதை, அதில் தந்திரம் கொஞ்சம்தான். எனக்கு முக்கியமாகப் படுவது 2016. பிரதமர் பதவிக்கு அவர் பெயர் ஊரெல்லாம் அடிபட்டபோது, நான் அதற்கான ஆள் இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கும் திறந்த கதவுக்கும் நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் மனதுக்குள் என்ன ஓடியது என்று அவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் ஒரு நாற்காலிக்கு அலைகிறவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு வார்த்தையால்தான். ஐயா இதைக் கேட்டுவிட்டு, "தோத்தவன் நல்லாய்த்தான் விளக்கம் சொல்லுறான்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

சமீபத்தில் மேசைக்கு ஒரு புது ஆள். பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கும் பையன், மாலையில் சாப்பாடு டெலிவரி. சைக்கிளைச் சாத்திவிட்டு ரெண்டு வெள்ளையப்பம் சாப்பிடுவான். அவன் ஓர் அமெரிக்கக் கதை சொன்னான். நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ. 1991இல் எல்லாரும் அவர் அதிபர் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று காத்திருந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பெயர் கொடுக்கக் கடைசி நாள் டிசம்பர் 20. கட்டணம் ஆயிரம் டாலர். ஆல்பனி விமான நிலையத்தில் வாடகை விமானம் தயாராக நிற்கிறது. அவர் ஏறவில்லை. மாநில பட்ஜெட் முடியவில்லை, நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் வளைகுடாப் போர் முடிந்தபோது அதிபர் புஷ்ஷின் செல்வாக்கு 90 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, பெரிய தலைகள் பலர் இவரிடம் மோதி என்ன பயன் என்று ஒதுங்கிவிட்டார்கள். அக்டோபரிலேயே ஆர்கன்சாவிலிருந்து கிளின்டன் இறங்கினார். அடுத்த வருடம் ஜெயித்தும் விட்டார்.

அக்கா தாச்சியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "மா புளிச்சுப்போற மட்டும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார் மனுசன்" என்றார். பையன் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். பரீட்சையில் எழுதினானா தெரியவில்லை.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். முட்டையப்பத்தில் மஞ்சள் கரு சில நாள் சரியாக நிற்கும், சில நாள் ஓடும். பாதி வேகாத முட்டை ஆகாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இன்னும் ஒரு நிமிடம் மூடி வைப்பார். கட்டைச்சம்பலில் மாசிக் கருவாடு கொஞ்சம் தூக்கல், ஒரு வியாழக்கிழமை உப்பும் சேர்ந்துகொண்டு நான் நாலு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வரிசை எண் கிடையாது. யார் முதலில் வந்தது என்பது அக்காவின் நினைவில்தான் இருக்கிறது, அந்த நினைவில் பழக்கப்பட்டவர்களுக்கு ஓரவஞ்சனை உண்டு. முதல் தடவை போனபோது எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் எனக்கு முன் சாப்பிட்டார்கள். இப்போது நான் அந்த மூன்று பேரில் ஒருவன் என்பதால் புகார் இல்லை.

பொட்டலம் வாங்காதீர்கள். தயவுசெய்து. ஒரு நாள் வீட்டுக்காரிக்கு நாலு பாலப்பம் கட்டிக்கொண்டு ஈசூன் வரைக்கும் ஓட்டினேன். சிலேத்தார் விரைவுச்சாலையில் விபத்து நெரிசல், நாற்பது நிமிடம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவள், "இது என்ன, கைக்குட்டையைத் துவைத்துப் போட்டு வைத்திருக்கிறாயா?" என்றாள். ஆனாலும் நாலையும் சாப்பிட்டாள்.

பெரிய மனவருத்தம் ஒன்றே ஒன்று. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்குக் கடைக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். லிட்டில் இந்தியா எம்ஆர்டி வாசலில் ஒரு குடும்பம், பெட்டியோடு, சாங்கிக்கு. நல்ல சவாரி. அப்பம் எங்கே போகும், போய்விட்டு வருவோம் என்று ஏற்றிக்கொண்டேன். திரும்பி வந்தபோது ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். நாலு தாச்சியும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மா முடிஞ்சுது என்றார் அக்கா. ஒரு கரண்டிகூட இல்லையா என்றேன். வாளியைச் சாய்த்துக் காட்டினார். ஐயா மேசையிலிருந்து எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி, "குவோமோ" என்றார். இப்போது அந்த மாதப் பெயர் எனக்கு.

தர்மனின் தவணை 2029 செப்டம்பரில் முடிகிறது. மறுபடி நிற்பாரா என்று ஐயா இப்போதே பந்தயத்துக்குக் கை நீட்டுகிறார். இந்தத் தடவை இருபது என்கிறார். இன்னும் கை கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. மாலை 5 மணிக்கு அடுப்பு, வெள்ளி, சனியில் எட்டரைக்குள் போய்விடுங்கள். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வையுங்கள், அக்கா அதைக் கவனிப்பார். ஆரஞ்சு சீனி வேண்டுமென்றால் மெதுவாகக் கேளுங்கள், ஐயா காதில் விழாமல்.